நான்காவது சாட்சி

ஜனவரி 20, திங்கள்

சமூக அறிவியல் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்னால் திறப்பவர்களுக்கு இரண்டாம் உலகப் போர்தான் தெரியும். அம்மாவும் செண்பகக்காவும் தூங்கிவிட்டார்கள். நான் அடுப்படியில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில், டார்ச்சைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதக் காரணம் அந்தச் சத்தம். பொங்கலுக்குப் பிறகு தினமும் கேட்கிறது. யாரோ சுவரில் தட்டுகிறார்கள். மூன்று தட்டு. கொஞ்சம் நிற்கிறது. அப்புறம் ஒரு தட்டு. எங்கள் வளவில் ஆறு வீடுகள் ஒரே வரிசையில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள வீடு ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது.

அக்காவிடம் சொன்னேன். "எலியா இருக்கும்ட்டி" என்றாள். எலி எண்ணித் தட்டாது.

எங்கள் பள்ளி விடுதியில் ஏழாம் வகுப்பு கோமதி ஜனவரி 5 ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனாள். குடல்வால் வெடித்துவிட்டதாம். வலி என்று அவள் யாரிடமும் சொல்லவே இல்லை, தெரிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம் என்று தலைமையாசிரியை பிரேயரில் சொன்னார். அம்மா அந்த விடுதியில்தான் சமையல் வேலை பார்க்கிறாள். அதனால்தான் எனக்குப் பள்ளிக்கூடத்தில் பீஸ் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

மூன்று குடம் தண்ணீர் பிடித்தேன். மாவு ஆட்டினேன். சத்தம் கேட்டது.

ஜனவரி 25, சனி

அக்கா என்னைத் தன் சட்டக் கல்லூரிக்கு அழைத்துப்போனாள். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அங்கே முற்போக்குச் சட்ட மாணவர் வட்டம் என்று பதினான்கு பேர் சனிக்கிழமைதோறும் சைக்கிள் ஸ்டாண்டில் கூடுகிறார்கள். பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று போன வருஷம் நான்கு நாள் வாசலில் உட்கார்ந்து, வாங்கியும் விட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் மேஜை போட்டு ரேஷன் கார்டுக்கு மனு எழுதிக் கொடுக்கிறார்கள். சார்ட் அட்டையில் கையெழுத்துப் பத்திரிகை ஒட்டுகிறார்கள். அதை யாரோ வாராவாரம் செவ்வாய்க்கிழமை கிழித்துவிடுகிறார்கள். புதன்கிழமை இவர்கள் மறுபடி ஒட்டுகிறார்கள்.

பிரிட்டோ அண்ணன்தான் செயலாளர். என்னைப் பார்த்ததும், "வாங்க மேடம், உங்கக்கா வாதாடுதத விட டீ நல்லாப் போடுவா, தெரியுமா?" என்றார். "ஒனக்கு இனிமே அதுவும் கிடையாதுல" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பல நாள் கழித்து.

பிப்ரவரி 8 அன்று, மாணவர்களே வக்கீலாகவும் சாட்சியாகவும் நடிக்கிற ஒரு மாதிரி நீதிமன்றம் நடத்தப்போகிறார்கள். ஒரு விடுதி மாணவியின் மரணத்தைப் பற்றி. ஊரும் பேரும் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் ஏழாம் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை, குடல்வால் எல்லாம் அப்படியே. நோட்டீஸில் போட வேண்டியதை நான் தாளைப் பார்த்து வாசிக்க, அக்கா போனில் அடித்தாள். முதல் சாட்சி ஆஸ்பத்திரி ஊழியர். இரண்டாவது, பெண்ணின் தகப்பன். மூன்றாவது, கூடப் படித்தவள்.

நான்காவதை வாசிக்கத் தொடங்கினேன். "விடுதிப் பதிவேட்டில் பேர் இல்லாத ஒரு பள்ளி மாணவி. அன்று மதியம் சமையலறைப் பக்கம் இருந்தவள். நோயறையை வார்டன் வெளியிலிருந்து அடைத்ததைக் கண்டவள். உள்ளேயிருந்து தட்டும் சத்தத்தைக் கேட்டவள். பயத்தினால் இன்றுவரை வாய் திறக்காதவள்."

என் குரல் சைக்கிள் ஸ்டாண்டின் தகரத்தில் பட்டு எனக்கே திரும்பி வந்தது.

"என்னட்டி நிறுத்திட்ட?"

"எக்கா, இந்தப் பிள்ள யாரு?"

அக்கா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது. சாட்சிக்குப் பாதுகாப்பு வேணும்லா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் அசையவில்லை. இவளுக்கு எப்படித் தெரியும்? யாருக்கெல்லாம் தெரியும்?

ஜனவரி 27, திங்கள்

காலையில் பள்ளிக்கூட கேட்டில் வட்டத்தின் நோட்டீஸ் கிடந்தது. முதல் பீரியடுக்குள் எல்லாக் கையிலும் இருந்தது. நான்காவது சாட்சியின் கீழே யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள்.

இரண்டாம் பீரியடில் ஒன்பது, பத்தாம் வகுப்புக்காரர்களை ஹாலில் உட்கார வைத்தார்கள். தலைமையாசிரியை சத்தம் போடவில்லை. "விடுதியில அறுபத்திரண்டு பிள்ளைங்க. அன்னைக்கு மதியம் அத்தனை பேரும் டிவி ஹால்ல இருந்தாங்க. கையெழுத்து இருக்கு. அப்ப இந்தப் பிள்ளை யாரு? வெளியிலேர்ந்து வந்த பிள்ளைதானே. பயப்படாம சொல்லுங்கம்மா. நான் ஒண்ணும் செய்யமாட்டேன்" என்றார். ஒன்றும் செய்யமாட்டேன் என்று மூன்று தடவை சொன்னார்.

ஹாலின் ஜன்னல் வழியாக விடுதி தெரிந்தது. நோயறைக்கு இப்போது கதவே இல்லை. கழற்றிவிட்டார்கள். கீல் இருந்த இடத்தில் புது சிமெண்ட். கதவில்லாத அந்த அறைக்குள் இருந்து யாரோ எட்டிப் பார்ப்பது போல இருந்தது. வெள்ளையடிக்கிறவர்தான். வாளியோடு வெளியே வந்தார்.

ஜனவரி 28, செவ்வாய்

வகுப்பு வாரியாகத் தாள் வந்தது. '05.01 அன்று நான் விடுதி வளாகத்தில் இல்லை.' கீழே நாற்பது கோடுகள். எனக்கு முன்னால் பதினாறு பேர் போட்டிருந்தார்கள். நான் பதினேழு. பேனா எழுதவில்லை. உதறிவிட்டுப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் குளியலறைப் பக்கம் கூப்பிட்டாள். குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள்.

"வார்டன் டீச்சர் கேட்டாவ, ஞாயித்துக்கெழம ஒன் மக வெங்காயம் உரிக்க வருவால்லா, அன்னைக்கி வந்தாளான்னு. காய்ச்சல்ல படுத்துக் கெடந்தான்னு சொல்லிட்டேன். ஒங்கிட்ட கேட்டாலும் அதையே சொல்லு."

"சரிம்மா."

"கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன்."

அம்மா என் தலையைத் தடவினாள். கை ஈரமாக இருந்தது. குழாயை மூடினாள்.

ஜனவரி 31, வெள்ளி

பள்ளி விட்டதும் பயத்தில் நேரே சட்டக் கல்லூரிக்குப் போய்விட்டேன். அக்காவிடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அங்கே வேறு கலவரம். கருத்தரங்கக் கூடத்துக்குக் கொடுத்த அனுமதியைக் கல்லூரி ரத்து செய்துவிட்டது. சைக்கிள் ஸ்டாண்டிலேயே நடத்துவது என்று இவர்கள் தீர்மானம் போட்டார்கள். எதற்கெடுத்தாலும் தீர்மானம், ஆதரவாக எத்தனை கை, எதிராக எத்தனை கை. நூருன்னிசா என்கிற நூர் அக்காதான் எதிர்த்தரப்பு வக்கீல், அதாவது வார்டனுக்காக வாதாட வேண்டியவர். அவர் நான்காவது சாட்சியைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பிரிட்டோ, இந்தப் பிள்ளையை நான் ரெண்டு கேள்வில கவுத்திருவேன். இப்படி ஒருத்தி இருந்தா இருபத்தஞ்சு நாளா சும்மாவா இருப்பா? கற்பனைன்னு மொகத்துலயே எழுதியிருக்கு."

"கற்பனைதான. மாதிரி வழக்குல ஓட்டை இருந்தா எப்படி வாதாட? அறுபத்திரண்டு பேரும் டிவி ஹால்ல. அப்ப பதிவேட்டுல இல்லாத ஒருத்தி வேணும். சமையக்கட்டுதான் பக்கத்துல. அங்கன நிப்பாட்டு. கதவு வெளிய அடைச்சிருக்கணும், இல்லன்னா அந்தப் பிள்ள வெளிய வந்திருக்கும். கணக்கு சரியா வந்துட்டு. தேர்வுக்கு வர்ற மாதிரி வழக்குல எல்லாம் இப்படித்தான அடைக்கோம்."

"நோட்டீஸ்ல அது கற்பனைன்னு போட்டியா?"

பிரிட்டோ அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா பிரிட்டோ அண்ணனைப் பார்த்தாள். யாருமே போடவில்லை. அவர்களுக்குள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதனால் ஊருக்கும் தெரியும் என்று நினைத்திருக்கிறார்கள்.

நான் ஒன்றும் கேட்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். யாருக்கும் எதுவும் தெரியாது. சாட்சிக்குப் பாதுகாப்பு என்று அக்கா அன்றைக்குச் சொன்னதும் விளையாட்டுத்தான். எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் அது இன்னும் மோசமாக இருக்கிறது. என்னைப் பார்க்காமலே, உட்கார்ந்த இடத்தில் யோசித்து யோசித்து என்னை உண்டாக்கியிருக்கிறார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் சரியாக இருக்கிறது. அந்த ஒன்றை எழுதமாட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று சத்தம் வந்ததும் டார்ச்சோடு எழுந்துபோனேன். சுவரில் காதை வைத்தேன். சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. இந்தப் பக்கம்தான். கீழே.

அம்மாவின் கை. கண் மூடியிருக்கிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கை மட்டும் விழித்திருப்பது போல, விரல் முட்டியால் சுவரில் தட்டுகிறது. மூன்று. நின்று, ஒன்று.

கோமதி அப்படித்தான் தட்டினாள்.

சரி, எழுதிவிட்டேன். நான் அங்கே இருந்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் இல்லை, கணக்கும் போடவில்லை.

ஆனால் அம்மா சொன்னாளே, கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு எதுவும் காதில் விழவில்லை என்று. அப்பா செத்ததிலிருந்து அம்மா எங்களிடம் பொய் சொன்னதில்லை. காதில் விழாதவளுடைய கைக்கு அது எப்படித் தெரியும்?

பிப்ரவரி 4, செவ்வாய்

கணக்குத் திருப்புதல் தேர்வு. நான்காவது கேள்வியை விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

அக்காதான் நான்காவது சாட்சியாக நடிக்கிறாள். சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே வசனம் சொன்னாள். நான் தாளை வைத்துச் சரிபார்த்தேன்.

"வார்டன் டீச்சர் கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டதைப் பார்த்தேன்."

"தாழ்ப்பா இல்லக்கா, பூட்டு" என்றேன்.

மாவு பிசைகிற கை நின்றது. "தாள்ல தாழ்ப்பாள்னுதான இருக்கு?"

"இருக்கு."

"அப்ப பூட்டுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

அக்கா இதுவரை என்னை அப்படிப் பார்த்ததில்லை. தங்கச்சியைப் பார்க்கிற பார்வை இல்லை.

"அம்மாதான் ஒரு நாள் சொன்னா, அங்க எல்லாக் கதவுக்கும் பூட்டுதான்னு."

அக்கா மாவை உருட்டினாள். இரவு சாப்பிடும்போது, "எம்மா, சனிக்கெழம ஒன் மக கூண்டுல ஏறுதா. பாக்க வரமாட்டியா?" என்று கேட்டாள்.

"எனக்கு அங்கன என்ன வேல?"

"சும்மா வந்து உக்காரு. டீ குடுப்போம்."

அம்மா சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். வாயில் வைக்கவே இல்லை. கடைசியில், "வாரேன்" என்றாள்.

பிப்ரவரி 6, வியாழன்

எழுதிவிட்டுப் பக்கத்தைக் கிழித்துவிடுவேன்.

கோமதி ஏற்கெனவே இரண்டு தடவை விடுதியிலிருந்து ஊருக்கு ஓடிப்போனவள். அதனால் வயிற்றுவலி என்று அவள் அழுததை வார்டன் நம்பவில்லை. நான் உள்ளறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்தேன். வார்டன் சமையலறை வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "வேலம்மா, அந்தப் பிள்ளைய நோயறையில விட்டுப் பூட்டு. ஓடுறதுக்கு நாடகம் போடுதா. நான் வந்து சொல்லுற வரைக்கும் தெறக்கக் கூடாது. தெறந்தா நாளைக்கு ஒனக்கு வேல கிடையாது." சொல்லிவிட்டு அவர் டவுனுக்குக் கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டார்.

அம்மா பூட்டினாள். சாவியை இடுப்பில் சொருகினாள்.

நான் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிக் கதவுக்கு அடியில் தள்ளினேன். பாதி கொட்டிவிட்டது. உள்ளேயிருந்து, "எக்கா, தெறக்கச் சொல்லுங்கக்கா" என்றாள். நான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா, "ஏளா, நாலு மணிக்கு டீச்சர் வந்துருவாவ" என்றாள். நாலு மணிக்கு வரவில்லை. நான் மறுபடி சொன்னேன். அம்மா கிரைண்டரைப் போட்டாள். அதில் அரிசி இல்லை. எதுவும் காதில் விழவில்லை என்று அம்மா அப்புறம் சொன்னதை நானும் நம்பப் பார்த்தேன்.

ஐந்தரைக்குத் தட்டுவது நின்றது. "ஒறங்கிட்டா. நல்லதாப் போச்சு" என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆறு மணிக்கு வார்டன் வந்தார்.

அக்காவின் தாளில் தப்பாக இருப்பது அந்த ஒன்றுதான். பூட்டிய கை.

நான் பேசினால் அம்மா ஜெயிலுக்குப் போவாள். அதனால் பேசமாட்டேன்.

கிழிக்க முடியவில்லை. இந்தத் தாளின் மறுபக்கம் சமூக அறிவியல் வரைபடம் இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

சைக்கிள் ஸ்டாண்டில் நூறு பேருக்கு மேல் கூட்டம். நீதிபதியாக உட்கார நிஜ வக்கீலையே அழைத்திருந்தார்கள், ஜெசிந்தா மேடம். ஒரு அண்ணன் கோர்ட் டவாலி போல மார்பில் சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு ஒவ்வொரு சாட்சியையும் மூன்று தடவை கூப்பிட்டார். கோமதியின் அப்பாவாக நடித்தவர் வசனத்தை மறந்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். சிரிப்பு. அம்மா கடைசி வரிசையில் டீ தம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில்.

"நான்காவது சாட்சி. நான்காவது சாட்சி. நான்காவது சாட்சி."

அக்கா பெஞ்சில் ஏறி நின்றாள். பதிவேட்டில் தன் பேர் இல்லை என்றாள். தட்டுகிற சத்தம் கேட்டது என்றாள். பிரிட்டோ அண்ணன், "கதவைப் பூட்டியது யார்?" என்று கேட்டார்.

"வார்டன் டீச்சர்தான். அவங்க கையாலதான் பூட்டினாங்க. என் கண்ணால பாத்தேன்."

"இல்லம்மா" என்றது என் பக்கத்திலிருந்து ஒரு குரல். "அவிய பூட்டல."

எல்லாரும் திரும்பினார்கள். நாடகத்தில் இதுவும் உண்டு என்று சிலர் கைதட்டினார்கள். நூர் அக்கா தாளைப் புரட்டி, "எங்க தரப்புல இப்படி ஒரு சாட்சி இல்லையே" என்றார். அம்மா எழுந்து நின்றாள். தம்ளரைத் தரையில் வைத்தாள்.

"நான்தான் பூட்டுனேன். டீச்சர் பூட்டச் சொன்னாவ. தட்டுன சத்தம் கேட்டுச்சு. நான் தெறக்கல."

ஜெசிந்தா மேடம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எல்லாரும் போன உள்ள வையுங்க. இது முடிஞ்சு போச்சு. இனி இது மாதிரி வழக்கு இல்ல." அம்மாவின் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "டீச்சர் உங்ககிட்ட சொன்னத வேற யாராவது கேட்டாங்களாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"ஒருத்தரும் இல்ல. நான் மட்டுந்தான் இருந்தேன்."

அக்கா இன்னும் பெஞ்சின் மேலேயே நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை.

அம்மா இன்னும் தூங்கவே இல்லை. மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். சுவரில் சத்தம் இல்லை. அது இன்னும் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

மதியம் மூன்று மணி. முதல் தடவையாகப் பகலில், எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

காலையில் ஜெசிந்தா மேடம் வந்தார். வாசலில் நின்று அக்காவிடம் பேசியது அடுப்படியில் எனக்குக் கேட்டது. அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சமையல்காரி தானாகவே பூட்டிவிட்டாள், தான் எதுவும் சொல்லவில்லை என்று வார்டன் எழுதிக் கொடுத்துவிட்டாராம். நாளைக்கு அம்மாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"உத்தரவு போட்டதக் கேட்ட ஆளு ஒருத்தர் வேணும் செண்பகா. இல்லன்னா உங்கம்மா மட்டுந்தான் மாட்டுவாங்க. மத்தவங்க எல்லாம் கைய கழுவிருவாங்க."

"அப்படி ஒரு ஆள நாங்க தாள்லதான் மேடம் வச்சிருந்தோம்" என்றாள் அக்கா. அவள் அழுது நான் பார்த்ததில்லை.

இத்தனை நாளும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அம்மாவுக்காக. நேற்று அம்மா பொய் சொன்னது எனக்காக. இரண்டையும் சேர்த்து வைத்தால் வார்டனுக்குத்தான் நல்லது. இது எனக்கு அடுப்படியில் நின்று கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தபோது புரிந்தது. கொத்தமல்லியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன்.

"நான் இருந்தேன்."

அம்மா உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள். "ஏளா, உள்ள போ. மேடம், சின்னப் பிள்ள, காய்ச்சல்ல ஒளறுதா."

"காய்ச்சல் இல்ல. அரிசி மூட்டைக்குப் பொறத்தால இருந்தேன். டீச்சர் சொன்னதக் கேட்டேன். விடுதியில இல்லன்னு பள்ளிக்கூடத்துல கையெழுத்தும் போட்டிருக்கேன்."

"அந்தக் கையெழுத்தையும் சொல்லணும்" என்றார் ஜெசிந்தா மேடம். "எப்படி வாங்கினாங்கன்னு சேத்துச் சொல்லணும். பயமா இருக்கா?"

"இருக்கு."

"இருக்கட்டும்."

அக்கா பேனாவை எடுத்தாள். தாளில் தேதி போட்டாள். அப்புறம் பேனாவை மேடத்திடம் கொடுத்துவிட்டாள். "நான் எழுதக் கூடாது மேடம். எனக்கும் அவ அம்மா." என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். தொடவில்லை. எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அம்மா எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாள். அடுப்படிக்குள் போய்விட்டாள். பாத்திரம் ஒன்று விழுந்தது.

"ஒன் வாயால சொல்லு. என்ன நடந்துச்சோ அது மட்டும்."

"ஜனவரி அஞ்சாந் தேதி, ஞாயித்துக்கெழம. அம்மாகூட விடுதிக்குப் போயிருந்தேன். வெங்காயம் உரிச்சிட்டிருந்தேன். மதியம் ரெண்டரை மணி இருக்கும். வார்டன் டீச்சர் சமையக்கட்டு வாசலுக்கு வந்தாவ."

மேடம் எழுதிக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ரெண்டரை இல்லளா. ரெண்டே கால்."

மேடம் அதை அடித்துவிட்டு மாற்றி எழுதினார்.